ஆளில்லாத கோல்

கோச் அருள்தாஸ் சார் கையைத் தூக்கி வா என்று காட்டியபோது தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று செண்பகவல்லிக்கு முதலில் படவே இல்லை. ஹாக்கி ஆட்டத்தின் நடுவில் கோல்கீப்பரை யார் கூப்பிடுவார்கள்? அடிபட்டால் கூப்பிடலாம், வரிசையாக ஐந்து கோல் வாங்கினால் கூப்பிடலாம், இங்கே போயிருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் கேப்டன் மாரீஸின் மட்டையில் பட்டுத் திசை மாறி வந்த பந்து, அதைக் கோவிலில் இருக்கிற அந்தச் செண்பகவல்லி அம்மனே பேடு கட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தாலும் தடுத்திருக்க முடியாது, அம்மனாலேயே முடியாதென்றால் இந்தச் செண்பகவல்லி எந்த மூலைக்கு. சார் மறுபடியும் கையாட்டினார். அவருக்குப் பக்கத்தில் கவுசல்யா மட்டையோடு கோட்டில் துடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் உறைத்தது. கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு முன்வரிசைக்கு இன்னொருத்தியை இறக்குகிறார். ஒரு கோல் பின்தங்கியவர்கள் கடைசி நேரத்தில் செய்கிற வேலைதான் இது, டி.வி.யில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், அடேயப்பா என்ன தைரியம் என்று கைதட்டியும் இருக்கிறாள், வெளியே ஓடுகிற அந்தக் கோல்கீப்பரின் முகத்தைப் பார்க்க மட்டும் அன்றைக்குத் தோன்றவில்லை. ஓடினாள். காலுக்கு ஒன்றாகத் தலையணை கட்டிக்கொண்டு ஓடுகிறவள் வாத்து மாதிரித்தான் இருப்பாள், வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள், தன்னைப் பார்த்துத்தான் என்று முடிவுகட்டிக்கொண்டாள். நடுக்கோட்டில் கவுசல்யா அவளை உரசிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தூரத்தில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவளுடைய கோல் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆவென்று திறந்து கிடந்தது. அதில் ஆள் இல்லை.

“எம்புட்டு நேரம் இருக்கு மேடம்?” என்றார் சார் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல். மைதானத்து மின்பலகை பொங்கலுக்கு முன்பே செத்துப்போயிருந்தது, நேரம் என்பது இப்போது அந்தக் கோடியில் குடைக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் கையில், அவர்களைக் கேட்டால் கொஞ்சம் இருக்கு என்பார்கள், பிறகு திடீரென்று ஊதிவிடுவார்கள். உடற்கல்வி இயக்குநர் கனகமணி மேடம் கழுத்தில் தொங்கிய வாட்சைப் பார்த்தார். “ஏழு நிமிசம் முழுசாக் கிடக்கு சார். அதத்தான் சொல்லுதேன். இப்பமே கீப்பர எடுத்தா எப்படி? கடைசி ரெண்டு நிமிசத்துலதான் எடுப்பாங்க, நானும் ஆடியிருக்கேன்லா.” “ரெண்டு நிமிசத்துல எடுத்தா ஒரு தடவ மேல போலாம் மேடம், ஏழுல எடுத்தா நாலு தடவ போலாம்.” “நாலு தடவ போறவளுவ நாலு தடவ பந்த விட்டுட்டும் வருவாளுவல்ல, அப்ப அங்கன யாரு நிப்பா, நீங்களா?” சார் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டார், வாதத்தில் மாட்டிக்கொண்டால் அவர் செய்கிற வேலை அது. இரண்டு பேரும் பெஞ்சுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். யாரு நிப்பா, யாரு நிப்பா என்று செண்பகவல்லியின் மண்டைக்குள் மேடத்தின் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. நான் நிப்பேன் மேடம். நின்றுகொண்டுதானே இருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து நிற்கிறேன், அன்றைக்கு டீச்சர் நீ குண்டாயிருக்க, உன்னால ஓட முடியாது, போய்க் கோல்ல நில்லு என்று சொன்னார், அன்றிலிருந்து நிற்கிறேன். பந்து வந்து உன்ன அடிக்கிறதுக்கு நீ எதுக்குளா போயி நிக்க என்று அம்மா கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. அந்த இரண்டு கம்பத்துக்கு நடுவே நின்றால் உடம்புக்கு ஒரு அளவு வந்துவிடுகிறது, வெளியே வந்தால் கையை எங்கே வைப்பது, காலை எங்கே நீட்டுவது என்று தெரியாமல் போய்விடுகிறது, இதைப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது.

இது அரையிறுதி. ஜெயித்தால் நாளைக்கு ஃபைனல். ஃபைனலைப் பார்க்கத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருவார்கள், இன்றைக்கு வரமாட்டார்கள், அரையிறுதியில் தோற்றவள் எவ்வளவு நன்றாகத் தடுத்தாலும் அது காற்றில் போச்சு. பல்கலைக்கழக அணியில் ஆடின சான்றிதழ் இருந்தால் போலீஸில் விளையாட்டுக் கோட்டாவில் எழுதிப்போடலாம். இல்லையென்றால் ஒன்றும் கெட்டுப்போகாது, அப்பா கடலைமிட்டாய் பிடிக்கிற கொட்டகையில் அவளுக்கு ஓர் இடம் தயாராக இருக்கிறது, முதலாளி பெரிய மனது பண்ணிப் போன மாதமே சொல்லிவிட்டார், பொண்ணு படிப்பு முடிஞ்சதும் பாக்கெட் போட வரச் சொல்லு, வீட்டுல சும்மாதான இருக்கப்போகுது. சும்மா. வெல்லப்பாகு கொதிக்கிற அந்தக் கொட்டகைக்குள் ஒரு நிமிஷம் நின்றால் தொண்டைக்குள் இனிப்பு ஆணி அடித்த மாதிரி இறங்கும், அப்பா முப்பது வருஷமாக நிற்கிறார், அவர் வியர்வைகூட இனிப்பு வாசம் அடிக்கும், ஈ மொய்க்கும் என்று சின்ன வயதில் அவரைக் கேலி செய்திருக்கிறாள். அவள் இந்த வருஷத்தோடு மூன்றாம் ஆண்டு, அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. அதனால் இந்த ஏழு நிமிஷம், இப்போது ஆறாக இருக்கலாம், இதுதான். அதையும் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லிவிட்டார் சார். முதல் கோல் போனபோது சார் ஒன்றும் சொல்லவில்லை, இடைவேளையில் மற்ற எல்லோருக்கும் ஏதோ சொன்னார், மாரீஸை நன்றாகத் திட்டினார், இவளைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை, தண்ணியக் குடி என்றார், அவ்வளவுதான். திட்டினால் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம். தண்ணியக் குடி என்பதற்கு என்ன அர்த்தம்? அதை அவள் அப்போதிலிருந்து மென்றுகொண்டிருந்தாள். உன்னோடு எனக்குப் பேச்சில்லை என்று அர்த்தம். நீ நின்றாலும் ஒன்றுதான், நிற்காவிட்டாலும் ஒன்றுதான் என்று அர்த்தம். அதைத்தான் இப்போது ஊரறிய நடத்திக் காட்டுகிறார்.

செயற்கைப் புல்லில் தெளித்த தண்ணீர் ஆவியாகி மேலே வந்தது, மத்தியான வெயில், மார்புக் கவசத்துக்குள் வியர்வை பாம்பு மாதிரி ஊர்ந்து இடுப்புவரை இறங்கியது. கவசத்தை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தாள். காற்று பட்டது. கொஞ்சம் நன்றாக இருந்தது, நன்றாக இருந்ததே குற்றம் மாதிரி இருந்தது. வேலியோரம் பெரிசுகள் நாலைந்து பேர் சைக்கிளைச் சாத்திவைத்துக்கொண்டு நடத்துகிற வாதம் இங்கேவரை கேட்டது. கோவில்பட்டியில் பல் விளக்காதவன்கூட இருப்பான், ஹாக்கிக்கு யோசனை சொல்லாதவன் இருக்கமாட்டான். “எடுத்தது சரிதாம்வே. ஒண்ணுல தோத்தாலும் தோல்விதான், மூணுல தோத்தாலும் தோல்விதான்.” “அதெப்படி? அந்தப் பிள்ள நிக்க வரைக்கும் ஒரு பயம் இருந்துச்சுல்லா அவளுவளுக்கு? இப்பம் பாரும், எங்கேருந்து வேணும்னாலும் அடிப்பாளுவ.” அந்தப் பிள்ளை என்றது தன்னைத்தான். அந்த வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டாள், பயம் இருந்துச்சுல்லா, யாரோ ஒரு கிழவனுக்குத் தெரிந்திருக்கிறது, சாருக்குத் தெரியவில்லை. உள்ளே சிவப்புச் சட்டைக்காரிகள், தூத்துக்குடிக் கல்லூரி, அவசரமே படாமல் பந்தை இவர்கள் பக்கத்து மூலைக்கொடிக்குக் கொண்டுபோய் மட்டையால் அணைபோட்டு நின்றார்கள். பந்தை அங்கேயே வைத்துக்கொண்டு நேரத்தைத் தின்கிறார்கள். மாரீஸ் போய் இடிக்க, பந்து கோட்டுக்கு வெளியே போக, மறுபடியும் அவர்களுக்கே, மறுபடியும் மூலை. கெட்டிக்காரிகள். நேரம் அவர்களிடம் இருக்கிறது, இருக்கிறவர்கள் மெதுவாகத்தான் சாப்பிடுவார்கள். இவள் கை வலது காலின் மேல்வாரில் போய் நின்றிருந்தது. எப்போது போனது என்று தெரியாது. பேடு காலேஜுக்குச் சொந்தம், இவளுக்கு முன்னால் நாலு பேர் கட்டிய பேடு, மூன்றாவது வாருக்குக் கொக்கி போய் எத்தனையோ காலமாயிற்று, ஷூ நாடாவைக் கோத்து இறுக்கி முடிச்சுப் போடவேண்டும், கட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும், அவிழ்ப்பதற்கு ஒரு இழுப்புதான். மேல்வாரை மட்டும் தளர்த்தினாள். இரத்தம் ஓடட்டும் என்றுதான்.

“ஜெபாவ இறக்குங்க சார்,” என்றார் மேடம். ஜெபசீலி பெஞ்சின் கோடியில் முழங்காலில் பட்டை சுற்றி உட்கார்ந்திருந்தாள். கோலுக்கு முன்னாலுள்ள வட்டத்துக்குள் எதிரணி தப்புச் செய்தால் கிடைக்கிற பெனால்டி கார்னர் அடிப்பதற்கென்றே பிறந்தவள், அவள் சுழற்றி விடுகிற பந்து கீப்பர் காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே பூனை மாதிரி நுழையும், ஆனால் முட்டி போய்விட்டது, தொடர்ந்து இரண்டு நிமிஷம் ஓடினால் நொண்டுவாள். “கார்னர் கிடைக்கட்டும் மேடம், இப்பமே இறக்குனா ஓட ஒரு ஆளு குறையும்.” “கார்னர் கிடைச்ச பெறகு எப்படி இறக்குவீங்க? விசில் ஊதிட்டா கார்னர் முடியுதவரைக்கும் ஆள் மாத்த முடியாதுல்லா? போன வருசம் நாசரேத்துல இதே கூத்துதான நடந்துச்சு, வெளிய நின்னு வேடிக்கை பாத்தா இவ.” சார் தொப்பியைக் கழற்றினார். அது சட்டம், எல்லோருக்கும் தெரிந்த சட்டம், கார்னர் கொடுத்துவிட்டால் யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்களைக் கொண்டுதான் அடிக்கவேண்டும், அவர்களைக் கொண்டுதான் தடுக்கவேண்டும், வெளியே இருப்பவள் மகாராணியே ஆனாலும் வெளியேதான். “அப்பம் நாலு நிமிசம் ஆகட்டும். நாலு இருக்கும்போது இறக்குவோம்.” “இப்ப அஞ்சுதான் இருக்கு.” “என் போன்ல அஞ்சே முக்கால் காட்டுது.” “உங்க போனையா அம்பயர் பாத்து ஊதப்போறாரு?” இப்படியே பேசிக்கொண்டு நில்லுங்கள் இரண்டு பேரும் என்று நினைத்தாள் செண்பகவல்லி. நாலில் இறக்கினால் என்ன, ஐந்தில் இறக்கினால் என்ன. அவள் இதுவரை ஆசைப்பட்டது எதுதான் நடந்திருக்கிறது, கணக்குப் பாடம் எடுக்க ஆசைப்பட்டாள், வரலாறு கிடைத்தது, ஷூ கேட்டாள், அக்காவின் ஷூ வந்தது, போன வருஷம் பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போய்க் காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயிலில் நின்றாள், இருட்டுகிற நேரத்தில் ஒருவர் வந்து உன் பேர் என்னம்மா என்று கேட்டுவிட்டுப் போனார், பேரைக் கேட்டதோடு சரி. அதனால் இதுவும் நடக்காது. நடக்காது என்று தெரிந்துவிட்டால் ஒரு சௌகரியம், எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது வாரை அவிழ்த்தாள்.

அப்போதுதான் அந்தப் பந்து வந்தது. நடுமைதானத்தில் யாருடைய மட்டைக்கும் அகப்படாமல் துள்ளிய பந்தைச் சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி எடுத்துக்கொண்டு ஓடினாள், முன்னால் ஒரு ஈ காக்கை இல்லை, வட்டத்துக்குள் நுழைந்ததும் அடித்தாள், சரியாகப் படவில்லை, பந்து அவசரமில்லாமல் ஆளில்லாத கோலைப் பார்த்து உருண்டது. மாரீஸ் பின்னாலிருந்து ஓடிவந்தாள். பெஞ்சில் எல்லோரும் எழுந்து அய்யோ என்றார்கள். செண்பகவல்லி எழவில்லை. போ, என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது, போ போ, உள்ளே போ. அவளுடைய குரல்தான், வேறு யாருடையதும் இல்லை. போய்க் கோலுக்குள் இருக்கிற அந்தப் பலகையில் டொப்பென்று மோதட்டும், வெளியே எடுத்தீர்களே, அனுபவியுங்கள், வேலியோரத்துக் கிழவன் சொல்லட்டும், அந்தப் பிள்ள நின்னிருந்தா இது போயிருக்குமாவே என்று, மேடம் சாரைப் பார்க்கட்டும், சார் தொப்பியைக் கழற்றட்டும். மாரீஸ் விழுந்து மட்டையை நீட்டினாள். கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் பந்து மட்டையில் பட்டு வெளியே திரும்பியது. எல்லோரும் கத்தினார்கள், இவளும் கைதட்டினாள், கைதட்டும்போது நெஞ்சுக்குள் ஏமாற்றம் பச்சையாகக் கிடந்தது, அதை அவளே பார்த்தாள், பார்த்துவிட்டு என்ன பிறவி நீ என்று கேட்டுக்கொண்டாள். அங்கே முழங்கை சிராய்த்து எழுந்து நிற்கிறவள் யார், ஹாஸ்டலில் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள், அவள் கோல் காக்கிறாள், நீ இங்கே உட்கார்ந்து போ போ என்கிறாய். இனி எந்த முகத்தோடு அங்கே போய் நிற்பது. இனிப் போகப்போவதுமில்லை, இன்னும் மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ, அப்புறம் சங்கு. குனிந்தாள். நாடாவின் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். வலது பேடு தானாகச் சாய்ந்து விழுந்தது. இடதையும் கழற்றினாள். ஷூவின்மேல் மாட்டியிருந்த கிக்கர் இரண்டையும் உருவித் தள்ளினாள். முழங்காலில் வாரின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது, அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள், கடைசியாக ஒரு தடவை கழற்றியாகிவிட்டது என்று தோன்றியது, அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

ஒருத்தி வெளியே வர, ஜெபா உள்ளே போனாள், நொண்டாமல் ஓடுவதற்குப் பாவம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். மேடம் நகத்தைக் கடித்தார். “சரி, இறக்கியாச்சு. ஒரு கோல் போட்டாலும் சமம்தான சார், ஜெயிக்கப்போறது இல்லையே?” “சமம் போதும் மேடம். சமம் ஆச்சுன்னா ஷூட்-அவுட்டு, கீப்பரோட ஒத்தைக்கு ஒத்தை. ஷூட்-அவுட்டுக்குப் போயிட்டா நம்ம செம்பாவத் தாண்டி எவளும் போடமுடியாது. அவ ஒருத்திக்காவத்தான் இந்தச் சூதாட்டமே ஆடுதேன். இல்லாட்டி ஏழு நிமிசத்துல கீப்பர எடுக்க எனக்கு என்ன கிறுக்கா?” அவர் இவளிடம் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மேடத்திடம் சொன்னார், ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார். செம்பா என்றார், முழுப்பெயரைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிடாதவர். அவ ஒருத்திக்காவ. திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், அர்த்தம் மாறவில்லை. அப்படியானால் தண்ணியக் குடி என்பதற்கு வெறும் தண்ணியக் குடி என்றுதான் அர்த்தமா? கீழே பார்த்தாள். பேடு இரண்டும் பெஞ்சுக்கடியில் மல்லாந்து கிடந்தன. கட்டு, கட்டிக்கொள் என்று மனசு சொன்னது, கை நகரவில்லை, இப்போது குனிந்து கட்டினால் கழற்றியது தெரிந்துபோகும், மேடம் திரும்பினால் ஏளா இதென்ன கோலம் என்று கத்துவார், சார் பார்ப்பார், அந்த ஒருத்தியைப் பார்ப்பார். இப்போது திரும்பமாட்டார்கள், இந்தப் பந்து வெளியே போகட்டும், அப்புறம் கட்டலாம். பந்து வெளியே போனது, வந்தது. அடுத்ததுக்குக் கட்டலாம். எப்படியும் கோல் விழப்போவதில்லை, ஐந்து நிமிஷத்தில் விழாதது இரண்டு நிமிஷத்திலா விழும், விழாவிட்டால் கழற்றினால் என்ன கட்டினால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது. இப்படி நினைத்தபோது மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தது, கோல் விழாது என்பதில் இப்போது அவளுக்கு ஒரு ஆதாயம் வந்துவிட்டது. சீ என்று தன்னையே சொல்லிக்கொண்டு குனிந்தாள். கையில் எடுத்தது இடது பேடா வலது பேடா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது விசில் ஊதியது.

கார்னர். இவர்களுக்கு. கோட்டிலிருந்து கவுசல்யா பந்தைத் தள்ளினாள், வட்டத்துக்கு வெளியே ஒருத்தி நிறுத்தினாள், ஜெபா ஒரு காலில் உடம்பை முழுக்கச் சாய்த்து இழுத்து விட்டாள். எதிர்ப்பக்கக் கோலின் பலகை டொப்பென்றது. செண்பகவல்லிக்கு அந்தச் சத்தம் தெரியும், முதுகுக்குப் பின்னாலிருந்தே அதைக் கேட்டுப் பழகியவள், முன்னாலிருந்து கேட்கும்போது அது வேறு சத்தமாக இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் மொத்தமாகக் கோட்டுக்கு ஓடிக் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், மேடம் சாரின் தோளில் அறைந்தார், வேலியில் யாரோ சைக்கிள் மணியை அடித்துத் தள்ளினார்கள். இந்தப் போட்டியில் கோல் விழுந்தாலும் நேரம் நிற்காது, ஓடிக்கொண்டேயிருக்கும். சார் அம்பயரைப் பார்த்தபடியே, முதுகுப்பக்கம் கையை நீட்டி வீசினார். “செம்பா, போ! கவுசல்யா, வெளிய வா!” போகிறேன் சார். வலது பேடு, மேல்வார், மாட்டியது, இரண்டாவது வார், மாட்டியது, நாடா. நாடா ஓட்டைக்குள் போகமாட்டேன் என்றது. நுனி பிரிந்து பஞ்சாகியிருந்தது. வாயில் வைத்து நனைத்தாள், உப்பும் ரப்பரும் நாக்கில் ஏறியது, முறுக்கினாள், போ போ என்று இப்போது நாடாவைப் பார்த்துச் சொன்னாள், சற்றுமுன் எதைப் பார்த்துச் சொன்னோம் என்று நினைவு வந்தது. நாடா இல்லாமலே விட்டாள். இடது. கிக்கர். கிக்கர் ஒன்று பெஞ்சுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது, படுத்துக் கையைவிட்டு இழுத்தாள். பேடும் கிக்கரும் ஹெல்மெட்டும் இல்லாமல் கீப்பரை உள்ளே விடமாட்டார்கள். மார்புக் கவசத்தைத் தலைவழியாக மாட்டும்போது உலகம் இருட்டாகிப் பஞ்சு வாசனை அடித்தது, அந்த இருட்டுக்குள் இருக்கும்போதே மைதானத்திலிருந்து மாரீஸின் குரல், “கீப்பர் எங்கேளா? கீப்பர்!” ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே நடுக்கோட்டுக்கு ஓடினாள், கீப்பர் வருவதைப் பார்த்த பிறகே கவுசல்யா வெளியே வருவதற்காகக் கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தாள், இன்னும் பத்தடி, இன்னும் ஐந்தடி, சிவப்புச் சட்டைக்காரி வட்டத்துக்குள் தட்டிய பந்து இவர்களில் யாருடைய காலிலோ பட்டது. அம்பயர் விசிலை ஊதி இரண்டு கையையும் கோலை நோக்கி நீட்டினார்.

கார்னர். அவர்களுக்கு. கோட்டில் நின்ற அதிகாரி செண்பகவல்லியின் நெஞ்சுக்குக் குறுக்கே கையை நீட்டினார். “இப்ப போகக்கூடாதும்மா.” கோபமாகச் சொல்லவில்லை, சாலையைக் கடக்கிற பிள்ளையை நிறுத்துகிற மாதிரி நிறுத்தினார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கம்பி வழியாகப் பார்த்தாள். மாரீஸும் இன்னும் நாலு பேரும் முகமூடியை மாட்டிக்கொண்டு பின்கோட்டில் நின்றார்கள், கார்னரில் தடுக்க ஐந்து பேர்தான் நிற்கலாம், அந்த ஐந்து பேரில் கீப்பர் இல்லை. மாரீஸ் கம்பத்தைத் தொட்டுப் பார்த்து நடுவுக்கு வந்து நின்றாள், இடம் தப்பு, ஒரு எட்டு இடதுபக்கம் தள்ளி நிற்கவேண்டும், இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது, இடதுபக்கம் போ என்று கத்தினாள், ஹெல்மெட்டுக்குள்ளேயே சத்தம் சுற்றியது. பந்து வந்தது. இடதுபக்கம்தான் வந்தது. பலகைச் சத்தம் மறுபடியும் கேட்டது, இது பழக்கமான சத்தம். மிச்சமிருந்த நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. மேஜைக்காரர்கள் ஊதினார்கள்.

கைகுலுக்கல் முடிந்தது. ஜெபா புல்லில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், மாரீஸ் யாரோடும் பேசாமல் பைக்குள் மட்டைகளைத் திணித்தாள். வேலியோரம் தீர்ப்பு நடந்துகொண்டிருந்தது. “எடுத்ததக்கூட மன்னிச்சிரலாம்வே. கோல் போட்ட ஒடனே திருப்பி விடணும்லா? வாயப் பாத்துக்கிட்டு நின்னுட்டாரு கோச்சு.” “இருபது செகண்டு லேட்டு. அந்த இருபது செகண்டுலதான் போச்சு.” மேடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், மெதுவாக, சாரைப் பார்க்காமல், “நான் அப்பமே சொன்னேன், திருப்பி உள்ள விடறதுக்கும் நேரம் வேணும் சார், அந்த நேரத்தையும் கணக்குல வெச்சுல்லா எடுக்கணும்.” சாரின் தொப்பி கையில் இருந்தது, போட்டுக்கொள்ளவில்லை. செண்பகவல்லி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், எல்லாம் கட்டியபடி, ஹெல்மெட் முதற்கொண்டு. கழற்றினால் நாடா போடாதது தெரியும். இல்லை, யாருக்கும் தெரியாது, யார் பார்க்கிறார்கள், பெஞ்சில் ஒருத்தியும் பார்க்கவில்லை, எல்லோரும் கோட்டில் குதித்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்லவேண்டும். யாரிடம்? மாரீஸிடம் சொன்னால் அவள் இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டாள். சாரிடம் சொல்லலாம். சார் நீங்க கரெக்டாத்தான் கூப்பிட்டீங்க, நான்தான் கழற்றிவெச்சிருந்தேன். எதுக்குக் கழற்றின என்று கேட்பார். எதுக்கு? வெயிலுக்காகவா, நீங்கள் என்னை வேண்டாம் என்று நினைத்துவிட்டீர்கள் என்று நினைத்ததற்காகவா, நாம் தோற்கவேண்டும் என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேனே அதற்காகவா? இதில் எதைச் சொல்வது, எதைச் சொன்னாலும் மற்றது ஒளிந்துகொள்ளும். நிழல் விழுந்தது. சார் முன்னால் வந்து நின்றார். அவர் முகத்தை இவ்வளவு பக்கத்தில் இப்படிப் பார்த்ததில்லை, கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன, ஒரே மத்தியானத்தில் அவருக்கு வயது ஏறியிருந்தது.

“தாயி,” என்றார். “உன் வருசத்த நான் கெடுத்துட்டேன். கோல் விழுந்த அந்த நொடியே ஒன்னத் திரும்பிப் பாத்து அனுப்பியிருக்கணும். கொஞ்சம் முந்திக் கூப்பிட்டிருந்தா நீ உள்ள இருந்திருப்ப, அத நீ பிடிச்சிருப்ப. இத நான் சாவுற வரைக்கும் மறக்கமாட்டேன். தப்பு என்மேலதான்.”

சொல்ல வாயைத் திறந்தாள். மேடம் பார்த்துக்கொண்டிருந்தார், மாரீஸும் மட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்திருந்தாள், வேனில் டிரைவர் ஹாரன் அடித்தார்.

“ஆமா சார்,” என்றாள் செண்பகவல்லி.